கடலோரம் தனியே ஓடும் முன் கம்ப்யூட்டரில் ஓடிப் பாருங்கள்

காலையில் பூங்காவைச் சுற்றி நான்கு ரவுண்ட் ஓடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஊர்விட்டு ஊர் ஓடிப் பார்க்கும் ஆசை இப்போது பலருக்கு வந்துவிட்டது. முதுகில் சிறிய பை, அதில் தண்ணீர், மடக்கிய கூடாரம், ஒரு மொபைல் போன். துணைக்கு யாரும் இல்லை. முதல் நாள் ஓடி, இரவு தங்கி, மறுநாள் மீதித் தூரத்தை ஓடி முடிப்பது. வெளிநாடுகளில் இது வெகு நாட்களாக நடக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த எலிஸ் டவுனிங் என்ற இளம்பெண் 2015 நவம்பரில் கிளம்பி, பிரிட்டன் கடற்கரையை 301 நாட்களில் தனியாக ஓடிச் சுற்றி வந்தார். சுமார் 8,000 கி.மீ. தன் பையைத் தானே சுமந்தார். இதை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 27 கி.மீ.கூட இல்லை. வேகத்தால் அல்ல, திட்டமிட்டதால் முடிந்த வேலை இது.

நம் ஊரில் இதற்கு ஏற்ற கடற்கரை உண்டா? காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் உள்ள மீனவ கிராமம் மண்டபத்தூர். அங்கிருந்து தெற்கே வேளாங்கண்ணி வரை கடற்கரை ஏறத்தாழ நேர்கோடாகச் செல்கிறது. மேடு பள்ளம் இல்லை, பாறை இல்லை, மணல்தான். இரண்டு நாளில் ஓடி முடிக்கலாம். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று தோன்றும்.

அப்படித் தோன்றுவதுதான் சிக்கல். திரையில் தெரியும் கோடு வேறு, காலுக்குக் கீழே இருக்கும் கரை வேறு. இந்த வேறுபாட்டை வீட்டிலேயே உங்கள் கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்பது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். தேவையான சாப்ட்வேர்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைப்பவை. மண்டபத்தூர் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். இதே முறையை எந்தக் கடற்கரைக்கும் பயன்படுத்தலாம்.

கடற்கரையின் நீளம் எவ்வளவு?

கேள்வி எளிது, பதில் எளிதல்ல. இந்தியாவின் கடற்கரை நீளம் 7,516.6 கி.மீ. என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கை அதை 11,098.81 கி.மீ. என்கிறது. நாடு வளர்ந்துவிடவில்லை. பழைய அளவு 1970-களில் சிறிய அளவு வரைபடத்தில், அதாவது 45 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் எடுக்கப்பட்டது. புதிய அளவு இரண்டரை லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய, நுணுக்கம் அதிகமுள்ள படத்தில் எடுக்கப்பட்டது. முன்பு தெரியாத வளைவுகள், கழிமுகங்கள் எல்லாம் இப்போது கணக்கில் வந்துவிட்டன. தமிழ்நாட்டின் கடற்கரை 906.9 கி.மீ.யிலிருந்து 1,068.69 கி.மீ. ஆனது. ஆனால் காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் அளவோ 47.6 கி.மீ.யிலிருந்து 42.65 கி.மீ.யாகக் குறைந்திருக்கிறது.

லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில விஞ்ஞானி இந்தப் புதிரை முதலில் கவனித்தார். அதை வைத்து பெனாய் மாண்டல்பிராட் 1967-ல் "சயின்ஸ்" இதழில் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அளவுகோல் சிறிதாக ஆக, கடற்கரை நீளமாகிக்கொண்டே போகும் என்பதே அதன் சாரம். 10 கி.மீ. குச்சியால் அளந்தால் ஒரு விடை; ஒரு மீட்டர் குச்சியால் அளந்தால் வேறு விடை. ஓடுபவருக்கு அளவுகோல் அவருடைய காலடிதான். எனவே திரையில் எவ்வளவு சிறு சிறு துண்டாக அளக்கிறீர்களோ, அவ்வளவுக்கு உங்கள் கணக்கு உண்மையை நெருங்கும்.

முதலில் ஒரு குத்துமதிப்பு

சாப்ட்வேர் எதுவும் இல்லாமலேயே ஒரு கணக்கைப் போட்டுவிடலாம். காரைக்கால் கடற்கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்திருப்பதால் இது சாத்தியம். நம் பகுதியில் அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 110.6 கி.மீ. ஏதேனும் ஓர் ஆன்லைன் மேப்பில் மண்டபத்தூர் கடற்கரையில் ரைட் கிளிக் செய்திடுங்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எண்களாகக் கிடைக்கும். முதலில் வருவது அட்சரேகை. அது 10.99 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். வேளாங்கண்ணிக்கு 10.68. வித்தியாசம் 0.31. இதை 110.6-ஆல் பெருக்கினால் சுமார் 34 கி.மீ.

இது காகம் பறக்கும் தூரம். நீங்கள் ஓடப் போகும் தூரம் இதைவிடக் கூடும். எவ்வளவு கூடும் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

கூகுள் எர்த்தில் பாதை வரைதல்

கூகுள் எர்த் 2005-ல் வெளிவந்தது. முன்பு கட்டணம் வசூலித்த அதன் "புரோ" பதிப்பு 2015 முதல் இலவசம். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும் இந்தப் பதிப்பே நம் வேலைக்கு ஏற்றது. பாதை வரைய வேண்டிய முறை இதோ:

1. புரோகிராமைத் திறந்து, தேடும் கட்டத்தில் மண்டபத்தூர், காரைக்கால் என ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். பூமி உருண்டு, ஊருக்கு மேலே வந்து நிற்கும்.

2. மேலே உள்ள டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். சிறிய விண்டோ ஒன்று கிடைக்கும். அதில் லைன் என்ற டேப் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் மட்டுமே அளக்கும். நமக்கு வேண்டியது அடுத்துள்ள பாத் என்ற டேப். அளவு கிலோமீட்டரில் இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கடற்கரையில் உங்கள் கால் பதியும் இடத்தில், அதாவது அலை நனைத்துச் செல்லும் ஈர மணலுக்குச் சற்று மேலே, கிளிக் செய்துகொண்டே தெற்கே செல்லுங்கள். 100 மீட்டருக்கு ஒரு கிளிக் போதும். வளைவு வரும் இடத்தில் நெருக்கமாகக் கிளிக் செய்திடுங்கள்.

4. முடிந்ததும் சேவ் பட்டனை அழுத்திப் பாதைக்கு ஒரு பெயர் கொடுங்கள். இடது பக்கம் பிளேசஸ் பகுதியில் அது வந்து உட்காரும்.

பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் ஒரு மணி நேரம் மவுஸைப் பிடித்துக் கரையோரம் "நடந்து" போகும்போது, அவசரமாகப் பார்க்கையில் கண்ணில் படாத பல விஷயங்கள் தெரிய வரும். காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு என மீனவ கிராமங்கள் வரிசையாக வரும். கிராமத்துக்குக் கிராமம் கரையிலிருந்து மெயின் ரோட்டுக்குச் செல்லும் பாதைகள் தெரியும். அவற்றை எல்லாம் மஞ்சள் ஊசி ஐகானைக் கிளிக் செய்து குறித்து வையுங்கள். காலில் அடிபட்டாலோ வெயில் தாங்காவிட்டாலோ வெளியேற வேண்டிய வாசல்கள் அவைதான்.

கோடு அறுபடும் இடங்கள்

இப்போது முக்கியமான கட்டம். இது காவிரி டெல்டா. ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழும் பகுதி. மண்டபத்தூரிலிருந்து தெற்கே வரும்போது காரைக்கால் நகரை ஒட்டி அரசலாறு கடலில் கலக்கிறது. அதையும் தாண்டினால் திருமலைராயன்பட்டினம் பக்கம் திருமலைராஜனாறு. அதற்குத் தெற்கே வாஞ்சூரில் 2009 முதல் இயங்கிவரும் காரைக்கால் துறைமுகம். அலைத்தடுப்புச் சுவர்களும் வேலியும் இருப்பதால் அங்கே கரையோரம் செல்ல முடியாது. அடுத்து நாகூரில் வெட்டாறு. நாகப்பட்டினத்தில் கடுவையாறு. இவை தவிர, மழைக்காலத்தில் மட்டும் உடைத்துக்கொண்டு ஓடும் சிறு வாய்க்கால்கள்.

வரைபடத்தில் கால் அங்குலம்கூட இல்லாத இந்த முகத்துவாரம் ஒவ்வொன்றும் உங்கள் பயணத்தில் ஒரு சுவர். கடலில் கலக்கும் இடத்தில் மணல் திட்டு இருந்தால் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று தோன்றும். நடுவில் ஆழமான ஓடை இருக்கும். கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுநீர் வெளியே இழுக்கும். முதுகில் பையுடன், தனியாக, அதில் இறங்கக் கூடாது. துணைக்கு ஆள் இருந்தாலும் இறங்காமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் வழி? ஊருக்குள் சென்று பாலத்தில் கடந்து, மறுகரை வழியாகக் கடற்கரைக்குத் திரும்புவது. பாலம் கரையிலிருந்து 2 கி.மீ. உள்ளே இருந்தால் போக 2, வர 2, ஆக 4 கி.மீ. கூடுதல். கடலோரம் பார்த்தால் ஆற்றின் அகலம் சில நூறு மீட்டர்தான். ஐந்து இடத்தில் இப்படிச் சுற்றினால் 34 கி.மீ. என்ற கணக்கு 50 கி.மீ.யை எட்டிவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்புபவர்தான் இருட்டும் நேரத்தில் ஆற்றங்கரையில் நின்று, "இறங்கிவிடலாமா?" என்று யோசிப்பார். விபத்து அந்த யோசனையில்தான் தொடங்குகிறது.

எனவே கூகுள் எர்த்தில் நீங்கள் வரைந்த பாதையைத் திருத்துங்கள். ஒவ்வொரு ஆற்றிலும் பாலம் எங்கே என்று பார்த்து, பாதையை அதன் வழியாகத் திருப்பி வரையுங்கள். அந்தந்தக் கிராமத்து மீனவர்களிடம் கேட்டால் சில இடங்களில் படகில் அக்கரை சேர்ப்பார்கள். கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு வசதியையும் பயன்படுத்துங்கள். மேலே உள்ள பட்டன்களில் கடிகாரம் போன்ற ஐகானைக் கிளிக் செய்தால் ஒரு ஸ்லைடர் வரும். அதை நகர்த்தினால் அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைப் பெரிதாக்கி, வெவ்வேறு ஆண்டுப் படங்களைப் பாருங்கள். ஒரு படத்தில் மணல் மூடியிருக்கும். இன்னொன்றில் அகலமாகத் திறந்திருக்கும். நீங்கள் பார்க்கும் படம் எந்தத் தேதியில் எடுத்தது என்பதும் திரையிலேயே காட்டப்படும். கோடையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மழை முடிந்த கையோடு கிளம்பினால் ஏமாற்றம்தான்.

நேரக் கணக்கு

தூரம் கிடைத்துவிட்டது. இனி எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு சிறு அட்டவணை போடலாம். முதல் நெடுவரிசையில் இடம், அடுத்து தூரம், அடுத்து தரை, அடுத்து வேகம், கடைசியில் நேரம். தூரத்தை வேகத்தால் வகுத்து 60-ஆல் பெருக்கும் பார்முலாவைக் கொடுத்தால் நேரம் நிமிடத்தில் கிடைக்கும்.

வேகத்தை எழுதும்போது கவனம் வேண்டும். உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிக சக்தி செலவாகும் என்று ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். ரோட்டில் மணிக்கு 9 கி.மீ. ஓடுபவர் ஈர மணலில் 7, உலர்ந்த மணலில் 5 அல்லது 6 என்று போட்டுக்கொள்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. மண்டபத்தூரிலிருந்து அரசலாறு வரை 8.5 கி.மீ., ஈர மணல், மணிக்கு 7 கி.மீ. என்றால் 73 நிமிடம். பாலம் சுற்றி வர 4 கி.மீ., ரோடு, மணிக்கு 8 கி.மீ. என்றால் 30 நிமிடம். மறுபடி கரையோரம் 5 கி.மீ., மணிக்கு 6 கி.மீ. என்றால் 50 நிமிடம். ஆக 153 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் ஓய்வு சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜனவரியில் இங்கே மாலை 6 மணி வாக்கில் சூரியன் மறையும். கூடாரம் போட ஒரு மணி நேர வெளிச்சம் கையில் இருக்க வேண்டும். அப்படியானால் பிற்பகல் 2 மணிக்கு முன் மண்டபத்தூரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இந்த மாதிரி முடிவு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதே சரியான முறை.

துறைமுகம், வெட்டாறு, கடுவையாறு என்ற மூன்று பெரிய தடைகளும் இரண்டாம் நாள் காலை வெளிச்சத்துக்கு விடப்பட்டுள்ளதைக் கவனியுங்கள். தெரியாத தடையை மாலையில் சந்திக்கும்படி திட்டம் போடக் கூடாது.

இரவு எங்கே தங்குவது?

கடற்கரையில் கூடாரம் என்றதும் அலையோரம் படுப்பது நினைவுக்கு வரும். அது வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் காரைக்கால் கடலோரக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அந்த மக்கள் கடலைப் பார்க்கும் பார்வைக்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் எங்கே படுக்கச் சொல்கிறார்களோ அங்கே படுங்கள். கிராமப் பஞ்சாயத்தாரைப் பார்த்து, யார், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி கேட்டால், பெரும்பாலும் கோயில் திடலிலோ பள்ளி அருகிலோ பாதுகாப்பான இடம் கிடைக்கும். கடலோரக் காவல் உள்ள பகுதி என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அருகில் உள்ள காவல் நிலையத்திலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இங்கே கம்ப்யூட்டரை நம்பக் கூடாத ஓர் இடம் இருக்கிறது. கூகுள் எர்த்தில் மவுஸை வைத்தால் அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று காட்டும். உலகின் பல பகுதிகளுக்கு இத்தகைய உயர அளவுகளின் அடிப்படை, 2000 பிப்ரவரியில் நாசாவின் விண்கலம் 11 நாட்கள் சுற்றி ராடாரால் அளந்த டேட்டா. மலைகளுக்கு அது அருமையான டேட்டா. ஆனால் அதில் சில மீட்டர் பிழை இருப்பது இயல்பு. மரங்களின் உச்சியையும் கட்டடங்களையும் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கும். தரையே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் உள்ள டெல்டாவில், "5 மீட்டர்" என்று திரை காட்டுவதை வைத்துப் படுக்கையை விரிக்க முடியாது. இடத்துக்குப் போனபின் கண்ணால் பாருங்கள். அலை ஒதுக்கிய குப்பைக் கோடு எங்கே இருக்கிறது? நிரந்தரமாக மரம் செடி வளர்ந்திருக்கும் இடம் எங்கே தொடங்குகிறது? அதற்கும் உள்ளே, ரோட்டுக்குப் போகும் வழிக்கு அருகில் கூடாரம் போடுங்கள். தரை அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ பையை எடுக்காமல் உள்நாட்டுப் பக்கம் ஓடிவிட வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் இந்தக் கரைக்கு வரும். வெளிச்சம் அவற்றைக் குழப்பும். இரவில் கரையோரம் டார்ச் அடிப்பதையும் தீ மூட்டுவதையும் தவிர்த்திடுங்கள்.

வானிலைக்கு இரண்டு இணையதளங்களைப் பார்த்தால் போதும். ஒன்று இந்திய வானிலைத் துறையின் தளம். காரைக்காலிலேயே டாப்ளர் ராடார் இருப்பதால், மழை மேகம் எங்கே நிற்கிறது என்பதைப் படமாகவே பார்க்கலாம். மற்றொன்று ஹைதராபாத்தில் உள்ள "இன்காய்ஸ்" என்ற கடல்சார் தகவல் மையத்தின் தளம். அலை உயரம், கடல் கொந்தளிப்பு எச்சரிக்கைகள் அங்கே கிடைக்கும். 2007 முதல் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையமும் அங்கேதான் இயங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் மாதங்கள். அப்போது இந்தப் பயணமே வேண்டாம்.

போனுக்கு மாற்றுதல்

வரைந்த பாதையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கூகுள் எர்த்தில் பாதையின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, சேவ் பிளேஸ் ஆஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைல் வகையாகக் கே.எம்.எல். என்பதைக் கொடுங்கள். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற அப்ளிகேஷன்கள் இதை நேரடியாகத் திறக்கும். சில அப்ளிகேஷன்களும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரங்களும் ஜி.பி.எக்ஸ். பைல்தான் வேண்டும் என்று கேட்கும். ஜி.பி.எஸ். பேபல் என்ற இலவச சாப்ட்வேர் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும்.

ஜி.பி.எக்ஸ். என்பது 2002 முதல் புழக்கத்தில் உள்ள பொது வடிவம். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. வரிசையாக அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம், அவ்வளவுதான்.

அடுத்து வரைபடம். ஆன்லைன் மேப் கரையோரம் டவர் கிடைக்காத இடத்தில் வெற்றுக் கட்டமாக நிற்கும். 2004-ல் தொடங்கிய ஓபன் ஸ்ட்ரீட் மேப் திட்டத்தின் வரைபடங்களை முன்கூட்டியே டவுண்லோட் செய்துகொண்டால், சிம் கார்டு இல்லாமலும் வேலை செய்யும். 2018-ல் இமயமலையில் சுமார் 1,500 கி.மீ. தூரத்தைச் சிறு பையுடன் 75 நாட்களில் ஓடிக் கடந்த, சென்னைவாசியான பீட்டர் வான் கெய்ட் பயன்படுத்தியதும் போனில் இறக்கிக்கொண்ட இத்தகைய மேப்களைத்தான்.

இங்கே காரைக்காலுக்கே உரிய ஒரு சிக்கலைக் கவனியுங்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் காரைக்கால் இன்று புதுச்சேரியின் பகுதி, சுற்றிலும் தமிழ்நாடு. மேப்களை மாநில வாரியாக டவுண்லோட் செய்யும்போது "தமிழ்நாடு" என்பதை மட்டும் இறக்கிவிட்டால் நடுவில் காரைக்கால் விடுபட்டுப் போகலாம். டவுண்லோட் முடிந்ததும் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு, மண்டபத்தூர் முதல் வேளாங்கண்ணி வரை திரையில் பெரிதாக்கி நகர்த்திப் பாருங்கள். தெருப்பெயர்கள் தெரிந்தால்தான் மேப் போனில் இருக்கிறது என்று அர்த்தம்.

பேட்டரிக் கணக்கு

பலர் "ஜி.பி.எஸ்.ஸுக்கு நெட் வேண்டும்" என்று நினைக்கிறார்கள். வேண்டாம். செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்கிறது; அதற்கு டவரும் டேட்டாவும் தேவையில்லை. முதல் முறை இடத்தை வேகமாகக் கண்டுபிடிக்க மட்டும் நெட் உதவும். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்தது. 100 மீட்டர் வரை தவறு காட்டும். அது நிறுத்தப்பட்டதால்தான் இன்று சில மீட்டர் துல்லியம் சாத்தியமாகிறது.

பெரும்பாலான போன்களில் பிளைட் மோடில் போட்ட பிறகும் ஜி.பி.எஸ். இயங்கும். டவரைத் தேடித் தேடிப் பேட்டரி தீர்வதை இதனால் தடுக்கலாம். வீட்டுக்குத் தகவல் சொல்லும் நேரத்தில் மட்டும் பிளைட் மோடை எடுத்தால் போதும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள்.

பவர் பேங்க் வாங்கும்போது 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால், 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை சார்ஜ் செய்யலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. 10,000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் ஹவர். 5 வோல்ட்டாக மாற்றும்போது வீணாவது போகக் கைக்குக் கிடைப்பது 30 வாட் ஹவர் அளவுதான். போனுக்கு ஒரு முறைக்குச் சுமார் 19 வேண்டும். ஆக ஒன்றரை முறை. இரண்டு நாள் பயணத்துக்கு இது போதும். ஆனால் பாட்டு கேட்கவும் வீடியோ எடுக்கவும் போதாது. உப்புக் காற்றில் ஈரமான போனை அப்படியே சார்ஜரில் செருகாதீர்கள். ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்திடுங்கள்.

இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

ஆபத்தில் 112 எண்ணை அழைக்கலாம். கடலில் உதவி தேவை என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. அழைத்தபின் "கடற்கரையில் இருக்கிறேன்" என்றால் பயனில்லை. போன் காட்டும் எண்களைப் படிக்க வேண்டும்.

தவறு நேர்வது இங்கேதான். காரைக்கால் 10.92 டிகிரியில் இருக்கிறது. இதையே 10 டிகிரி 55 நிமிடம் என்றும் எழுதுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் இரண்டும் ஒன்றுதான். "பத்து, ஐம்பத்தைந்து" என்று மட்டும் சொல்லி, கேட்பவர் அதை 10.55 என்று எழுதிக்கொண்டால் தேடும் இடம் சுமார் 40 கி.மீ. தெற்கே, வேளாங்கண்ணியையும் தாண்டிப் போய்விடும். போன் செட்டிங்கில் டெசிமல் டிகிரி என்பதைத் தேர்ந்தெடுத்து, "பத்து புள்ளி ஒன்பது இரண்டு" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் சுமார் 11 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். அது போதும். பக்கத்தில் உள்ள கிராமத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய பைல்

இவ்வளவு வேலையும் உங்கள் போனில் மட்டும் இருந்தால் பாதிப் பயன்தான். போன் தண்ணீரில் விழுந்தால் திட்டமும் விழுந்துவிடும். தனியாக ஓடுபவரின் உண்மையான துணை, வீட்டில் இருந்தபடி அவருடைய பாதையை அறிந்திருப்பவர்தான். எனவே கிளம்பும் முன் இவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் வைத்து, வீட்டில் ஒருவருக்குத் திறந்து காட்டிவிடுங்கள்:

பாதையின் கே.எம்.எல். பைல். ரோட்டுக்கு வெளியேறும் வழிகள், பாலங்கள், தங்கும் இடம் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டுவீர்கள் என்ற நேர அட்டவணை.

தகவல் சொல்லும் நேரங்கள். அரசலாற்றைத் தாண்டியதும் ஒன்று, தங்கும் இடம் சேர்ந்ததும் ஒன்று, காலையில் கிளம்பும்போது ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். டேட்டா கிடைக்காத இடத்திலும் எஸ்.எம்.எஸ். பல சமயம் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் நகரும் இடத்தைக் காட்டும் வசதி அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும், அதற்கும் நெட் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, ஒரு கெடு. "இரவு 8 மணிக்குள் தகவல் வராவிட்டால் இன்னாருக்குப் போன் செய், அதன்பின் 112" என்று தெளிவாக எழுதி வையுங்கள். "வந்துவிடுவான், கொஞ்சம் பார்ப்போம்" என்ற தயக்கத்துக்கு இடம் கொடுக்காத ஒரே வழி இதுதான். தகவல் சொல்ல மறந்து அவர்களைப் பதற வைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

ஓடி முடித்து வந்ததும் போனில் பதிவான ஜி.பி.எக்ஸ். பைலைக் கூகுள் எர்த்தில் திறந்து, முன்பு வரைந்த பாதையின் மேல் வைத்துப் பாருங்கள். இரவில் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் தூங்கியிருந்தால் கூடாரத்தைச் சுற்றி நூல் கண்டு போலக் கோடுகள் தெரியும். நீங்கள் நகரவில்லை, ஜி.பி.எஸ். பிழைதான் நகர்ந்தது. அந்தத் தூரத்தைக் கழித்துவிட்டு, திட்டமிட்ட நீளத்துக்கும் ஓடிய நீளத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை எந்தக் கடற்கரையை அளந்தாலும் உங்கள் காலுக்கு ஏற்ற அளவுகோல் அந்த எண்தான்.

ஓடும் உத்தேசம் இல்லாதவர்களும் இந்த விடுமுறையில் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள கடற்கரையையோ ஆற்றங்கரையையோ இந்த முறையில் ஒருமுறை அளந்து பாருங்கள். தினமும் பார்க்கும் கரை, திரையில் வேறு நீளத்தைக் காட்டும்.